முக்காற் சிறுதேர்

பரிசில் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில், தமிழ் பயில்வோராகிய நமக்குப் பாணரும் புலவரும் வள்ளல்களும் நினைவிற்கு வருவர். அவர் யானையும் தேரும் பெற்ற வரலாறுகளை நாம் விரும்பிக் கற்கின்றோம். ஆயின், அண்டை வீட்டில் இரண்டாம் பிறந்தநாள் காணும் குழந்தைக்கு யாது கொடுக்கலாம் என்று ஒருவர் வினவினால், விடை கூற அறியாது விழிக்கின்றோம். இஃது ஆராய்தற்கு உரியதொரு பொருளோ என்று சிலர் நகைக்கலாம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கடற்கரை ஊர்களினின்று வரும் மாணவர் அங்ஙனம் நகையார். படித்த பிள்ளை என்னும் பெயரால், வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் தேர்ந்து வரும் பொறுப்பு அவர்தம் தலையில் அன்றோ விழுகின்றது!

இக்காலத்துப் பரிசில்கள் எத்தகையன? பெட்டி பெரிதாய் இருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து பாட்டுப் பாடுதல் வேண்டும். அன்றேல், மோதிரமோ தோடோ பொன்னால் இருத்தல் வேண்டும். கொடுத்தவர் பெயரும் கொடுத்ததன் விலையும் சபையில் பேசப்படுதல் வேண்டும். இவற்றுள் குழந்தையின் விருப்பம் எங்கே உளது? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. அந்நாட்களில் பிறந்தநாள் வரின், படகுத் தொழிலாளி வீட்டார் வட்டிக்குக் கடன் பெற்றேனும் பெரிய பெட்டி வாங்க எண்ணுவர்; வாங்க இயலாத மாமன் விழாவிற்கே வாராது ஒதுங்குவான். குழந்தையின் பொருட்டு எடுத்த விழா, குழந்தையைத் தோளிற் சுமக்க வேண்டியவனைத் தொலைவில் நிறுத்துதல் முறையாகுமா?

பொருளின் விலை குழந்தைக்கு யாதும் அன்று என்பதை நம் பழம்புலவர் நன்கு அறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காட்டும் காட்சி ஒன்றைக் காண்க. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் உலர்கின்றது. அதனைத் தின்ன வரும் கோழியை ஓட்ட, மகளிர் தம் காதிலுள்ள பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் மூன்று கால்களையுடைய சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. பட்டினத்தின் செல்வத்தைப் புகழவே புலவர் இதனைக் கூறினார். நாமோ அதனுள் மற்றொன்றையும் காண்கின்றோம். பொன் தாய்மார்க்கு அணிகலன். தேர் உருட்டும் சிறுவனுக்கு அது வழியிற் கிடக்கும் தடை. அவன் வேண்டுவது தேர் ஓட ஒரு வழியே. காவிரிப்பூம்பட்டினமும் நம் ஊர் போல ஒரு துறைமுகம் என்பதை மறவற்க.

குறுந்தொகை 61ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார் இக்கருத்தையே தெளிவிக்கின்றார். தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்பது அவர் காட்டும் உவமை. இரண்டு வயதுக் குழந்தையின் இயல்பு முழுவதும் இதனுள் அடங்கியுளது. இழுத்தல், தள்ளுதல், நிரப்புதல், கவிழ்த்தல், பெரியோர் செய்வதைத் தானும் செய்தல் ஆகிய இவையே அதன் தொழில். தான் இழுக்க ஒன்று அசைந்தது என்னும் வியப்பே அதன் இன்பம். பொத்தானை அழுத்தியவுடன் தானே ஆடிப் பாடும் பொம்மையின் முன்னர்க் குழந்தை வெறுங்காட்சியாளன் ஆகின்றது; நடைவண்டியின் முன்னரோ அதுவே தலைவன்.

பிற நாட்டு அறிஞரும் இவ்வழியே சென்றனர். 1837இல் ஜெர்மனியிற் குழந்தைகட்கு ஒரு நிலையம் கண்ட பிரோபெல் என்னும் ஆசிரியர், தாம் அமைத்த விளையாட்டுக் கருவிகட்குப் 'பரிசில்கள்' என்றே பெயரிட்டார். முதற்பரிசில் மெல்லிய கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். 1939இல் நம் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்த மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை தன் கையாற் செய்தே கற்கும் என்றார். ஆதலின், நடைவண்டி, பந்து, மரக்கட்டைகள், பெரிய சொப்புகள் ஆகிய இவற்றுள் ஒன்று சாலும்.

தேர்ந்தெடுக்குங்கால் கருத்திற் கொள்ள வேண்டுவன சில உள. மூன்று வயது நிரம்பாத குழந்தை எதனையும் வாயில் வைக்கும். எனவே, கழன்று வரும் சிறு கண்ணும் மணியும் உடைய பொம்மைகள் ஆகா. பொத்தான் போன்ற சிறு மின்கலம் பெருந்தீங்கு விளைப்பது. விழுங்கியது உணவுக்குழலிற் சிக்கின், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும்புண் செய்ய வல்லது. ஈயம் கலந்த வண்ணப்பூச்சு மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்கட்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது, நடைபாதைக் கடையாயினும் அம்முத்திரையைக் கேட்டு வாங்குதல் நம் கடன். பதிவு பெற்ற கைவினைஞர்க்கு இவ்விதியினின்று விலக்கு உண்டு. அவரிடம் வாங்குவோர் வண்ணம் பூசாத மரப்பொருளைத் தெரிந்து கொள்க.

பொன் கொடுத்தால் பிற்காலத்திற்கு உதவுமே என்று பெரியோர் கூறுவர். அது மெய்யே. ஆயின், அது பெற்றோர்க்கு அளிக்கும் உதவி. அதனை அப்பெயராலேயே, ஆற்றலுடையோர் கொடுக்கட்டும். குழந்தையின் பரிசில் குழந்தையின் கைக்கு எட்டுதல் வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் அரிய பொருள் ஒன்று உளது. சிறுதேரை வாங்கிவிட்டோம்; அதனை எங்கே உருட்டுவது? பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்க்குச் சிற்றில் இழைக்க மணலும், தேர் உருட்டத் தெருவும் இருந்தன. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரினாவின் மணல் பெருகிற்று. வடக்கே நம் கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் குவித்த கருங்கற்களே இன்று பல இடங்களிற் கரையாக நிற்கின்றன. தெருவிற்குச் சென்றாலோ, அருகிலேயே கொள்கலன் ஏற்றிய லாரிகள் வரிசையாய்ச் செல்கின்றன. வீடோ ஓர் அறை. ஆதலின், வண்டி கொடுப்பவர் வழியும் கொடுத்தல் வேண்டும். மாலையில் ஒரு நாழிகை, கட்டிலை ஒதுக்கித் தரையில் அமர்ந்து, 'இங்கே இழுத்து வா' என்று கை நீட்டுவோர் ஒருவர் அக்குழந்தைக்கு வேண்டும். கடன் பெறாத ஏழை மாமனாலும் இதனைக் கொடுத்தல் கூடும். விடுமுறையில் வீடு செல்லும் மாணவராகிய நம்மாலும் கூடும்.

எனவே நண்பர்களே, அடுத்த பிறந்தநாளுக்குக் கடைக்கு அனுப்பப்படும்போது பெட்டியின் பருமனை நோக்கற்க. குழந்தையின் கையை நோக்குக. வாங்கிக் கொடுத்தபின் உடனே எழுந்து போகற்க. சிறிது நேரம் தரையில் அமர்க.