லட்சம் ரூபாய் வாங்கினால் படம் நல்ல படமாகிவிடுமா?



"1935-லேயே லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்! பக்த நந்தனார் ஒரு காவியம்!" என்ற செய்தி நம் குரூப்பில் மறுபடி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்த பிறகு நடிப்பே வேண்டாம் என்றிருந்தவர் அந்த அம்மா. தட்டிக்கழிக்கவே லட்சம் கேட்டார், தயாரிப்பாளர் கொடுத்துவிட்டார். ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இரண்டு பெரிய சங்கீதக்காரர்கள், நாற்பது பாட்டுக்கு மேல். ஆனாலும் படம் எடுபடவில்லை. பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்தன என்கிற பொருளில் விகடனில் கல்கி எழுதினார்.

"கல்கிக்குக் குசும்பு. அந்தக் காலத்தில் பாட்டுதானே படம்" என்கிறார் ஒரு மாப்பிள்ளை. அப்படியானால் 1953-இல் வந்த ஔவையாரைப் பாருங்கள். அதே அம்மா, அதே குரல். அவர் வயதுக்கும் குரலுக்கும் பொருந்திய பாத்திரம் என்பதால் ஊரே கொண்டாடியது. குறை பாடியவரிடம் இல்லை. பேரை வாங்கிவிட்டோம், இனி படம் தானாக ஓடும் என்று நினைத்தவர்களிடம் இருந்தது.

கண்ணுகளா, செக்கிங் டேபிளில் தையல் விட்ட பீஸைப் பெரிய பிராண்டு லேபிள் இருக்கிறதென்று பாஸ் செய்வீர்களா? பனியனுக்கு ஒரு நியாயம், கலைக்கு ஒரு நியாயமா?

இதில் எனக்கு வருத்தம் வேறு. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் யார்? சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்டுப் பண்ணையார் முன் கைகட்டி நின்ற கூலியாள். சாதியைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தப்பட்டவர். ஊருக்குப் போக லீவு கேட்டுச் சூப்பர்வைசர் முன் நிற்பவர்கள் உள்ள நம் திருப்பூருக்கு இதைவிட நெருங்கிய கதை ஏது? தொண்ணூறு வருஷம் கழித்து அவர் கேட்டது நமக்கு மறந்துவிட்டது. நடித்தவர் வாங்கிய லட்சம் மட்டும் நினைவிருக்கிறது.

சுந்தராம்பாளைப் பெருமைப்படுத்த ஔவையார் இருக்கிறது, திருவிளையாடல் இருக்கிறது. அவற்றைப் பகிருங்கள். சம்பளச் சீட்டைக் காட்டித்தான் அந்தக் குரலை உயர்த்த வேண்டும் என்பதில்லை.