முதலில் மலசலகூடத்தைக் கட்டுங்கள்

'த மூவிஸ்' என்ற கணினி விளையாட்டு 2005-இல் வந்தது. இங்கிலாந்தின் லயன்ஹெட் ஸ்டூடியோஸ் செய்தது, பீட்டர் மொலினியூவின் கம்பனி. அந்தக் கம்பனியே 2016-இல் மூடப்பட்டுவிட்டது. இருபது வருசப் பழசு, இன்றைய கண்ணுக்கு அதன் முகங்களும் நடையும் கொஞ்சம் பகிடியாத்தான் தெரியும். ஆனாலும் குறும்படம் எடுக்கிறோம் என்று புளியந்தீவில் கெமராவோடு திரியும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அதை விளையாடிப் பார்க்கவேணும் என்பது எங்கள் கட்சி. காரணம் படம் எடுக்கக் கற்றுத்தரும் என்பதல்ல.

அந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதற்குள்ளேயே சின்னப் படங்கள் செய்யலாம் என்ற பகுதியைத்தான் புகழ்வார்கள். அதிலும் நியாயம் இருக்கு. 2005 கடைசியில் பிரான்ஸில் கலவரம் நடந்தபோது அலெக்ஸ் சான் என்ற இளைஞர் கெமரா இல்லாமல், நடிகர் இல்லாமல், இந்த விளையாட்டை வைத்தே 'த ஃப்ரென்ச் டெமோகிரசி' என்ற குறும்படத்தைச் செய்து உலகம் முழுக்கப் பேசவைத்தார். ஆனால் நாங்கள் கதைக்கவந்தது மற்றப் பாதியை. ஆட்களைப் பிடிப்பது, கட்டடம் போடுவது, குப்பை அள்ளுவது. பலர் அலுப்பு என்று தாண்டிப்போகும் பாதி.

விளையாட்டு 1920-இல் வெறும் காணியோடு தொடங்கும். கட்டடம் கட்டக் கட்ட வேலை தேடி வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் கை ஒரு ராட்சசக் கை. வரிசையில் நிற்கும் ஒருவரைத் தூக்கி எந்தக் கட்டடத்தில் போடுகிறீர்களோ அந்த வேலை அவருக்கு. கதை எழுதும் அலுவலகத்தில் போட்டால் எழுத்தாளர், வேறிடத்தில் போட்டால் கொத்தனார், துப்புரவாளர், நடிகை. இண்டைக்குக் குப்பை கூட்டுபவரை நாளைக்கு நாயகனாக்கலாம். முகத்தையோ சாதியையோ சிபாரிசையோ விளையாட்டு கேட்காது. (எங்கட ஊர்ப் படங்களில் நாயகனைத் தெரிவுசெய்யும் முறையை நினைத்தால் சிரிப்பு வரும், விடுவோம்.)

மறுகாதான் பிரச்சினை தொடங்கும். நல்ல கதை இருக்கு, நடிகர் இருக்கு, படம் தரமாக வரவில்லை. ஏன் என்று தேடிப்போனால் நடிகை களைத்திருக்கிறா. சாப்பாட்டுக் கடையைத் தூரத்தில் கட்டிவிட்டீர்கள். மலசலகூடம் போதாது. துப்புரவாளர் போதாமல் வளவெல்லாம் குப்பை, குப்பை கூடினால் ஸ்டூடியோவின் மதிப்பு குறைகிறது. திருத்தவேலைக்கு ஆளில்லாமல் செட் உதிர்கிறது. அழுத்தம் தாங்காத நட்சத்திரம் சாராயத்திலோ சாப்பாட்டிலோ விழுந்து, சிகிச்சைக்கு அனுப்பவேண்டி வருகிறது. அதுவரை நீங்கள் கட்டிய ஒவ்வொரு பாதையும், நட்ட ஒவ்வொரு மரமும், வைத்த ஒவ்வொரு கழிப்பறையும் திரையில் தெரியாத இடத்தில் நின்று திரையில் தெரிவதைத் தீர்மானிக்கிறது. பெரிய தத்துவம் எதையும் பிரசங்கம் பண்ணாமல், 'ஆள் சாப்பிடல்ல, அதால ஷொட் சரிவரல்ல' என்று கணக்காகக் காட்டிவிடுகிறது.

பொய்யும் சொல்கிறது. அதன் ஆட்களுக்கு மனநிலை இருக்கு, வாய் இல்லை. நட்சத்திரத்துக்கு மனம் சரியில்லை என்றால் சம்பளத்தைக் கூட்டு, பெரிய ட்ரெய்லர் கொடு, சுத்திவர நாலு எடுபிடி கொடு, கோடு மேலே ஏறும். துப்புரவாளர் ட்ரெய்லர் கேட்கமாட்டார். நாலு பேர் சேர்ந்து உங்கள் அலுவலக வாசலில் வந்து குந்தமாட்டார்கள். உண்மையான ஸ்டூடியோக்களின் கதையில் பாதி அந்த வாசலில்தான் நடந்தது.

எங்களுக்குத் தெரிந்த உண்மையான ஸ்டூடியோக்களில் இந்த விளையாட்டுக்கு ஆகக் கிட்டவருவது சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் ஏற்காடு மலைக்குப் போகும் வீதியில் தொடங்கியது. சினிமாக்காரர் எல்லாம் சென்னைக்கு ஓடின காலத்தில் அவர் சேலத்திலேயே இருந்தார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப், எழுத்தாளர், நடிகர் எல்லாம் ஒரே மதிலுக்குள், ஒரே சம்பளப் பட்டியலில். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் சேலத்துச் சரக்கு. சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். படம் எடுப்பதை மில் நடத்துவதுபோல நடத்தினார். மணி அடித்தால் வேலை, நேரம் பிந்தினால் யாராக இருந்தாலும் பேச்சு விழும். 1963-இல் அவர் காலமான பிறகு நிறுவனம் தளர்ந்தது. இன்றைக்கு அந்த இடத்தின் அடையாளமாக நிற்பது முகப்பு வளைவுதான்.

சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி இன்னொரு மாதிரி. 'சந்திரலேகா' (1948) போன்ற படத்தை எடுக்க எத்தனை தச்சர், தையற்காரர், ஒப்பனைக்காரர் மாதச் சம்பளத்தில் இருந்திருக்கவேணும் என்று யோசியுங்கள். அந்த ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலைசெய்த ஒரு ஊழியருக்குப் பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பதும் ஒரு வேலை. சும்மா குந்தியிருக்கும் ஆள் என்று அங்கே பலர் நினைத்திருப்பார்கள். அவர் அசோகமித்திரன். அவருடைய 'கரைந்த நிழல்கள்' நாவலில் நட்சத்திரத்தைவிடத் தயாரிப்பு நிர்வாகியும், கார் அனுப்புகிறவரும், சாப்பாட்டுக்கு அலைகிறவரும்தான் மனதில் நிற்பார்கள். விளையாட்டை முடித்துவிட்டு அந்த நாவலை வாசியுங்கள். விளையாட்டில் கோடாகத் தெரிந்தது நாவலில் ஆளாகத் தெரியும்.

அந்த ஆட்கள் வாய்திறந்த கதையும் இருக்கு. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனும், வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் சென்னையில் சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் கட்ட அலைந்தவர்களில் முக்கியமானவர்கள். 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் நிமாய் கோஷ் இயக்குநர், எம்.பி.எஸ். இசை. பிறகு ஃபெப்சி என்ற சம்மேளனம் வளர்ந்து லைட்மேன், டிரைவர், சாப்பாடு பரிமாறும் தயாரிப்பு உதவியாளர் வரை அதற்குள் வந்தார்கள். அந்தச் சம்மேளனத்தில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் என்பது முதலாளியின் இரக்கம் அல்ல, உரிமை என்று யாரோ ஒருகாலத்தில் சண்டைபிடித்துத்தான் அது வந்தது. விளையாட்டில் அந்தப் பொத்தான் இல்லை.

எங்கட நாட்டுக்கு வருவோம். முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளியானது. அதை எடுத்த இடம் மதுரை, தயாரித்தவர் எஸ். எம். நாயகம். பிறகு அவர் கந்தானையில் ஸ்டூடியோ கட்டினார். கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நடத்தினார். தமிழர் கட்டிய ஸ்டூடியோக்களில் சிங்களப் படங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழில்நுட்பக்காரரும் உள்ளூர்க்காரரும் ஒரே கூரைக்குக் கீழே. 1983 ஜூலையில் ஹெந்தளை ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதே நாட்களில் சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் கொல்லப்பட்டார். ஒரு ஸ்டூடியோ எரிந்தால் படச்சுருள் மட்டும் எரிவதில்லை. லைட் எப்படித் தூக்குவது, லேப்பில் எவ்வளவு நேரம் வைப்பது, நூறு பேருக்கு எத்தனை மணிக்குச் சோறு இறக்குவது என்று அங்கே பழகிய கைகளும் சிதறிப்போகும். இலங்கைத் தமிழ் சினிமா ஏன் வளரவில்லை என்ற பட்டிமன்றத்தில் இதை யாரும் கணக்கில் எடுப்பது குறைவு. நல்ல கதை இல்லை, நடிகர் இல்லை என்றே முடித்துவிடுவார்கள்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956-இல் 'ரேகாவ' படத்தைக் கிராமத்து வெளியில், வெயிலில் எடுத்தார். அது ஒரு விடுதலை, சந்தேகமில்லை. தமிழிலும் 1977-இல் '16 வயதினிலே' வந்தபிறகு கெமரா ஸ்டூடியோ வாசலைத் தாண்டி ஓடியது. நாங்கள் எல்லோரும் அந்த ஓட்டத்தின் பிள்ளைகள்தான். ஆனால் மதிலுக்கு வெளியே போனபோது மதிலோடு இருந்த தண்ணிக்குழாயும், கன்டீனும், கழிப்பறையும், நிழலும் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றை யார் தூக்கிவருவது என்ற கேள்விக்குப் பெரிய சினிமா 'தயாரிப்பு நிர்வாகி' என்று பதில் வைத்திருக்கு. எங்கட சின்ன சினிமாவில் அப்படி ஒருவர் இல்லை. போஸ்டரில் பத்துப்பேர் பெயர் இருக்கும். அதில் 'உதவி இயக்குநர்' நாலு பேர். அந்த நாலு பேரில் ஆகச் சின்னப் பொடியன்தான் தண்ணிப்போத்தல் வாங்க ஓடுவான்.

மட்டக்களப்பில் படம் எடுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கல்லடிக் கடற்கரை, கோட்டைச் சுவர், வாவியோரக் கண்டல், எழுவான்கரை, படுவான்கரை, எந்தப் பக்கம் கெமராவைத் திருப்பினாலும் காட்சி. ஆனால் கண்டலுக்குள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பின்னேரம் ஐந்து வரை நிற்கும் ஒரு பெண்பிள்ளை எங்கே போவா? தண்ணி குடிக்காமல் இருப்பா. அதுதான் உண்மையான பதில். தண்ணி குடிக்காமல் சித்திரை வெயிலில் நின்று, தலையிடியோடு வீட்டுக்குப் போய், அடுத்த படத்துக்குக் கூப்பிட்டால் 'வீட்டில விடமாட்டாங்க' என்பா. உடனே எங்கட ஆட்கள் தலையில் கைவைத்து, 'எங்கட சமூகம் பெண்களைச் சினிமாவுக்கு விடுதில்ல' என்று கட்டுரை எழுதுவார்கள். சமூகத்தில் பிழை இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு ஒரு மலசலகூடத்தை ஒழுங்குபண்ண ஐந்து நிமிசம் போதுமே. பின்னேரம் கடைசி பஸ் போனபிறகு களுவாஞ்சிக்குடிக்கும் வாழைச்சேனைக்கும் போகவேண்டியவர்களுக்கு ஓட்டோ பிடித்துக்கொடுக்கக் காசு ஒதுக்கலாமே. அதற்கும் சமூகமா தடை?

'காசு இல்ல' என்பார்கள். சும்மா ஒரு கணக்குக்கு, கையில் 50,000 ரூபா இருக்கு என்று வைப்போம். லென்ஸ் வாடகை, ட்ரோன், கலர் திருத்தம் என்று 45,000 போய்விடும். மிச்சத்தில் பிளேன்ரீயும் பணிசும். ட்ரோன் ஷொட் ஒன்றைக் குறைத்தால் ஒருநாள் முழுக்க எல்லோருக்கும் சோறு வரும். காசு இல்லை என்பதைவிட, காசு எங்கே போகவேணும் என்று நினைக்கிறோம் என்பதுதான் கதை. விளையாட்டிலும் புதிசா வருபவர்கள் எல்லாக் காசையும் பளபளக்கும் செட்டில் கொட்டிவிட்டு, மறுகா ஏன் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுத் திரிகிறார்கள் என்று முழிப்பார்கள்.

'கலைக்காகக் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேணும்' என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்பவர் பெரும்பாலும் இயக்குநர். கஷ்டத்தின் பலனில் பெயரும் விருதும் அவருக்கு வரும், ஆகவே அவர் கஷ்டப்படுவதில் கணக்கு இருக்கு. பூம் மைக்கைத் தூக்கிப்பிடித்துக் கை மரத்துப்போனவருக்கு என்ன வரும்? கடைசிப் பெயர்ப்பட்டியலில் எழுத்துப்பிழையோடு ஒரு வரி.

எங்கட ஊருக்கு இது தெரியாத விசயமும் இல்லை. கூத்துப் பழகும் காலத்தை நினையுங்கள். வடமோடியோ தென்மோடியோ, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். களரியைச் சுத்திவரத் தேத்தண்ணி வரும், வெற்றிலை வரும், ஆடுபவரின் வீட்டார் வந்து நிற்பார்கள். அண்ணாவியாருக்கு உரிய மரியாதை ஒழுங்காகப் போகும், மத்தளக்காரர் பசியோடு அடிக்கமாட்டார். சதங்கை அணிவது, அரங்கேற்றம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஊரே நிர்வாகம் செய்யும். அந்த நிர்வாகத்துக்குத் தனிப்பெயர் இல்லை, பெயர் இல்லாததால் அது கலையின் பகுதி என்று நாங்கள் படித்ததும் இல்லை. அதேநேரம் பழைய கூத்தைத் தலையில் தூக்கிவைக்கவும் ஏலாது. பெண்வேசத்தையும் ஆண்களே கட்டிய களரி அது. பெண்பிள்ளை எங்கே போவா என்ற கேள்வி அங்கே எழும்பவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது எங்கட தலைமுறையின் வேலை.

ஆகவே ஒரு யோசனை. குறும்படப் போட்டி நடத்தும் அமைப்புகள், கழகங்கள், பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் விண்ணப்பப் படிவத்தில் கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு, கெமரா வகை எல்லாம் கேட்கிறார்கள். அதோடு நாலு வரி கூட்டுங்கள்: படப்பிடிப்பில் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், சாப்பாடும் மலசலகூடமும் எங்கே, இருட்டியபின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது யார். புள்ளி போடவேண்டாம், தகுதிநீக்கம் செய்யவும் வேண்டாம். திரையிடும்போது படத்தின் பெயருக்குக் கீழே அந்த நாலு வரியையும் போட்டுக்காட்டுங்கள். நாங்கள் அடுத்த மாதம் நடத்தும் திரையிடலில் இதைத் தொடங்குகிறோம். படிவம் அடித்தாயிற்று. படம் அனுப்ப விரும்புகிறவர்கள் அந்த நாலு வரியை நிரப்பியே அனுப்புங்கள்.