கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்: மனதை அளப்பதில் எங்கே தவறு நடக்கிறது?

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் மிளகு, காப்பி, மரவள்ளி விற்றால்தான் பல வீடுகளில் மொத்தமாகக் காசு புரளும். அதுவரை கடன், கைமாற்றுதான். அப்படியொரு வீட்டுக்கு ஒருவர் வந்து, "ஒரு சின்ன டெஸ்ட்தான், பத்து நிமிஷம் போதும்" என்று அறிவுத்திறனை அளந்தால் என்ன மதிப்பெண் கிடைக்கும்? அவர் எந்த மாதத்தில் வந்தார் என்பதைப் பொறுத்து அது மாறலாம். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது.

*என்ன ஆய்வு அது?*

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரின் ஆய்வு 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை சோதித்தார்கள். அறுவடைக்கு முன் 78% பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள்; அறுவடைக்குப் பின் 4% பேர்தான்.

விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் 'ரேவன்' புதிரில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி, பின் 5.45. ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. மாறியது கைக்காசு.

*ஏன் அதே ஆட்களை இரண்டு முறை?*

பணக்காரரையும் ஏழையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், மதிப்பெண் வித்தியாசத்துக்குப் படிப்பு காரணமா, சாப்பாடு காரணமா, வறுமை காரணமா என்று பிரிக்க முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவது 'தொடர்பு'. ஒன்றால் மற்றொன்று வந்தது என்றால்தான் 'காரணம்'. ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டால் படிப்பு, வளர்ப்பு போன்றவை இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

சரி, வெயில், பண்டிகை போன்ற காலமாற்றம் காரணமாக இருக்காதா? ஆலைகள் எல்லாக் கரும்பையும் ஒரே நாளில் அரைப்பதில்லை; அறுவடை பல மாதங்களுக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார்.

இரண்டாவது தடவை பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாமே? அதற்காகவே 100 விவசாயிகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, அறுவடைக்குப் பின்தான் முதன்முதலாகச் சோதித்தார்கள்.

எழுத்தறிவும் கணக்கில் வந்தது. நிறப் பெயர்களை வைத்து நடத்தும் 'ஸ்ட்ரூப்' சோதனைக்குப் படிக்கத் தெரியவேண்டும். அதற்குப் பதில் எண்களை வைத்தார்கள்: '5 5 5' என்று காட்டினால், எத்தனை எண்கள் உள்ளன என்று பார்த்து 'மூன்று' என்று சொல்லவேண்டும்.

*இதுவே கடைசி வார்த்தையா?*

இல்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. சம்பள நாள் இடைவெளி சிறியது. கரும்புக்கோ வருஷத்துக்கு ஒரு அறுவடை. இந்த வேறுபாடு முடிவை மாற்றியிருக்கலாம். ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதும் ஆராய்ச்சி முறையின் பாடம்தான்.

யாரைச் சோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 6 இதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளைப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் 96% பேர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டினர் என்று தெரிந்தது. அங்கே உருவான அளவுகோலை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வினாத்தாள் 'மனச்சோர்வு' என்று கேட்கும். எதிரில் இருப்பவர் "மனசு பாரமா இருக்கு" என்பார். கேள்வி புரியாததால் வந்த 'இல்லை'யும் நோய் இல்லாததால் வந்த 'இல்லை'யும் கணக்கில் ஒன்றாகிவிடும்.

*வாழவந்தி நாட்டுக்கு இதில் என்ன?*

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தவறான நேரத்தில், தவறான கேள்வியில் எடுத்த ஒரு மதிப்பெண், "இந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்ற முத்திரையாக மாறிவிடலாம். ஆகவே, சர்வே எடுக்க யார் வந்தாலும் கேட்கவேண்டியவை நான்கு: எதற்காக இது? சோதனை தமிழில், எங்கள் பேச்சுக்கு ஏற்றபடி சரிபார்க்கப்பட்டதா? ஏன் இந்த மாதம்? முடிவை எங்களிடம் சொல்வீர்களா?

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள்படி, புரிகிற மொழியில் விளக்கித்தான் சம்மதம் பெறவேண்டும். ஊர்ப் பெரியவர் சரி சொன்னாலும் ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கவேண்டும். "வேணாம்" என்று பாதியில் எழுந்து போகவும் உரிமை உண்டு.