எடைக்குப் போன மாயாவி!

பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிவிட்டார் மாயாவி. இரும்புக்கை மாயாவிதான்! உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், கை மட்டும் தெரியும். வில்லன்களின் கழுத்தைப் பிடித்த அந்தக் கை கிலோ கணக்கில் போய்விட்டது.

1972-ல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் கதையே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த படக்கதை அது. இங்கே இருந்த பையன்களுக்கு அந்த விவரம் எதற்கு? மாயாவி தமிழில் பேசினார். அது போதும். 1984-ல் லயன் காமிக்சும் ராணி காமிக்சும் வந்தன. ஒரு பக்கம் மாடஸ்தி, ஸ்பைடர். இன்னொரு பக்கம் ஜேம்ஸ்பாண்ட்.

கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தார்கள். வாத்தியார் பிடித்தால் புத்தகமும் போச்சு, முதுகும் போச்சு. ஒருவன் வாங்கினால் தெருவே படிக்கும். கை மாறி மாறிக் கடைசிப் பக்கம் கிழிந்து, கொலைகாரன் யார் என்றே தெரியாமல் போனவர்கள் இன்றும் உண்டு!

அந்தப் பையன்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. ஆபீசிலும் கடைக் கல்லாவிலும் இருக்கிறார்கள். நடைபாதைப் புத்தகக் கடையில் நின்று, “பழைய மாயாவி இருக்குதா?” என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார். தலை சுற்றுகிறது. “எங்க வீட்ல ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு சார். அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க.” இப்படிச் சொல்லாத ஆளே இல்லை. பாவம், அம்மாவைத் திட்டி என்ன பயன்? வாடகை வீடு மாறும்போது எதைத்தான் தூக்கிக்கொண்டு அலைவது?

ஆசைப்பட்டவர் காசைக் கொட்டி வாங்குவது அவர் பாடு. பொதுஜனம் போய்ப் பார்க்க ஓர் இடத்திலாவது முழு வரிசை இருக்க வேண்டாமா? அதுதான் கேள்வி.

மறுபதிப்பு வருகிறதே என்பார்கள். வருகிறது, நல்லதுதான். கதை திரும்பி வரும். அந்தக் கால விளம்பரம், வாசகர் கடிதம், ஓரத்தில் ஒரு பையன் பென்சிலால் கிறுக்கிய பெயர் எல்லாம் திரும்பி வருமா?

சென்னைக்கு இது புதிய இழப்பு அல்ல. பழைய புத்தகம் என்றால் மூர் மார்க்கெட் என்று இருந்த காலம் உண்டு. 1985 மே 30-ல் அது தீக்கிரையானது. சாம்பலான புத்தகத்துக்குக் கணக்கு ஏது? தீ வைக்காமலே எரிகிற சமாசாரமும் உண்டு. காமிக்ஸ் அச்சான மட்டக் காகிதம் மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதிலேயே அமிலம் ஊறும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. அப்புறம் தொட்டால் பொடி. நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-லேயே போட்டார்கள். அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். அனுப்பாவிட்டால் தண்டனை? அபராதம் 50 ரூபாய் வரை, கூடவே புத்தக விலை! நடைபாதையில் ஒரு பழைய மாயாவிக்கு முன்பணமாகக்கூட அது காணாது.

காமிக்சில் எது வந்து சேர்ந்தது, எது வரவில்லை, வந்ததில் எது மிச்சம் என்று நூலகத் துறை பட்டியல் எடுத்து ஊரறிய வெளியிட வேண்டும். தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கும் அந்தப் பட்டியலில் இடம் வேண்டும். “அதெல்லாம் ஒரு புத்தகமா?” என்று மேஜைக்குப் பின்னால் இருந்து கேட்கக் கூடாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிக் கேட்கவில்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைக் காப்பாற்றக் கைகொடுத்தது அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம்! 1994-ல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது. இன்று ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள்.

துறை எழுந்திருக்கும்வரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது சிறிதுதான். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கும். நிற்க வைக்காமல், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் படுக்க வையுங்கள். பரணைத் துடைக்கிற ஞாயிற்றுக்கிழமை, பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் சணல் கட்டை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு நூலகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் தராசில் போடலாம்.