பொம்மைக்கும் பொருந்தாத உடுப்பு

சென்ற ரமழானின் கடைசிப் பத்தில் பெருநாள் உடுப்பு எடுக்கப் போயிருந்தோம். உம்மா, நான், தரம் ஒன்பதில் படிக்கும் என் தங்கச்சி. கடை வாசலில் நின்ற பொம்மைக்கு உடுத்தியிருந்த கரும்பச்சை அபாயாவைக் கண்டதும் தங்கச்சி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "இதுதான் உம்மா, இதுதான்" என்றாள். அதில் தன் அளவை வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனவள், கொஞ்ச நேரத்தில் அதைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஏன், உடுப்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடுப்பு சரிதான் ராத்தா. எனக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றாள்.

காய்ச்சல் வந்தால் நாம் சொல்லும் வார்த்தை அது. நோய் நொடி எதுவுமில்லாத ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் தேகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

உம்மா வேறு நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தப் பொம்மையைச் சுற்றி வந்தேன். முதுகுப் பக்கம் வரிசையாகக் குண்டூசிகள்! மிஞ்சிய துணியை இழுத்து மடித்து ஊசி குத்தி வைத்திருந்தார்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தெரியும். உண்மையில் அந்த உடுப்பு பொம்மைக்கும் பொருந்தவில்லை.

அடுத்த நாட்களில் நோன்பு திறக்கும்போது தங்கச்சி ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் எழுந்துவிட்டாள். கஞ்சியைத் தொடவில்லை. சஹருக்கு எழுப்பினால் பசியில்லை என்றாள். கடைசிப் பத்தில் பிள்ளைக்குப் பேணுதல் கூடிவிட்டது என்று உம்மா சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் பகலில் பிடித்த நோன்பு அல்லாஹ்வுக்காக. மஃரிபுக்குப் பின்னும் நீண்ட பட்டினி கண்ணாடிக்காக.

அந்த நாட்களில்தான் எனக்குள் இந்தக் கேள்வி எழுந்தது. உடுப்பை உடுத்திக் காட்டும் மொடல்கள், அதை வாங்குகின்ற சாதாரணப் பெண்களைப் போல இருக்க வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் மறுபக்கத்தைப் பார்ப்போம். பெஷன் துறையினர் சொல்லும் நியாயங்கள் முழுவதும் பொய்யல்ல. ஒரு புதிய உடுப்பை வடிவமைக்கும்போது முதலில் ஒரே ஓர் அளவில்தான் மாதிரி தைப்பார்கள். அது பெரும்பாலும் சிறிய அளவு. அந்த மாதிரியை உடுத்த, அந்த அளவுக்குப் பொருந்தும் ஒருவரைத்தான் தேடுவார்கள். உயரமான மெலிந்த தேகத்தில் துணி விழும் அழகே தனி என்றும் சொல்வார்கள். "விளம்பரம் என்பது கனவு. கண்ணாடியில் தினமும் பார்ப்பதையே கடையிலும் காட்டினால் யார் வாங்குவார்?" என்பது இன்னொரு வாதம்.

கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் கடையில் நாம் பணம் கொடுப்பது கனவுக்கல்ல, உடுப்புக்கு. ஒரு கிலோ அரிசி வாங்கும்போது தராசு சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உடுப்பு வாங்குபவளுக்கு மொடலின் படம்தான் தராசு. இந்த உடுப்பு என் தோளில் எப்படி நிற்கும், என் இடுப்பில் எப்படி விழும், என் கால் வரை வருமா என்பதை அவள் அதை வைத்துத்தான் மட்டிடுகிறாள். ஒன்லைனில் வாங்கும்போது தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. படம் ஒன்றே சாட்சி. ஊசி குத்தி இறுக்கிய முதுகைக் காட்டாத படம் பொய்ச்சாட்சி அல்லவா?

அளவுகள் என்பவையும் வானத்திலிருந்து இறங்கியவையல்ல. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பொது அளவுமுறை காண முயன்றது. அந்த ஆய்வில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளே கணக்கில் எடுக்கப்பட்டன. இப்படி யாரோ சிலரை அளந்து எழுதிய எண்களுக்குள் எல்லாப் பெண்களும் அடங்கிவிட மாட்டார்கள். அடங்காவிட்டால் பிழை எண்ணில்தான், பெண்ணில் அல்ல.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிகிற விடயமுமல்ல. 2006ஆம் ஆண்டு நவம்பரில் அனா கரோலினா ரெஸ்டன் என்ற பிரேசில் நாட்டு மொடல், உணவை ஒறுத்ததால் வந்த நோயினால் இறந்தபோது அவருக்கு வயது 21. அதே ஆண்டு மெட்ரிட் நகரப் பெஷன் வாரத்தில், உயரத்துக்கேற்ற எடை மிகக் குறைந்த மொடல்களை மேடையேற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பிரான்ஸில் 2017 முதல் மொடல்கள் வைத்தியச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், உடலமைப்பை மாற்றித் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோர்வேயும் 2022இல் இத்தகைய குறிப்பைக் கட்டாயமாக்கியது. பெஷனின் தலைநகர் என்று பெயரெடுத்த பாரிஸ் நகரைக் கொண்ட நாடே சட்டம் போட வேண்டி வந்ததென்றால், பார்ப்பவர்களை மட்டுமல்ல, படத்தில் நிற்பவர்களையும் அந்த அளவு வதைக்கிறது என்றுதான் அர்த்தம்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பிரச்சினை, நாம் அபாயா உடுப்பவர்கள்" என்று சிலர் நினைக்கலாம். நமது அபாயாக் கடைகளின் விளம்பரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பல படங்களில் மொடலின் முகம் தெரியாது. முகத்தை வெட்டியிருப்பார்கள் அல்லது மறைத்திருப்பார்கள். பேணுதலுக்காகச் செய்வது; நல்லதே. ஆனால் முகம் மறைந்த பின்னும் அந்த நெடிய, மெலிந்த உருவம் அப்படியே நிற்கிறது. அபாயாக்களின் அளவும் பெரும்பாலும் 52, 54, 56, 58, 60 என்று நீளத்தைக் குறிக்கும் அங்குலக் கணக்குத்தான். உயரம் கூடக் கூட அகலமும் கூடும். குள்ளமாகவும் கொஞ்சம் பருமனாகவும் இருக்கும் பிள்ளைக்கு 52 இறுக்கும், 56 நிலத்தில் இழுபடும். என் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். உடலை மூடி மறைப்பதற்கென்றே உருவான உடுப்பு, உடலை எண்ணி வெட்கப்பட வைக்கும் உடுப்பாக மாறலாமா?

நிறத்தின் கதையும் இதுதான். தெற்காசிய வீடுகளில் பல தலைமுறைகளாகப் புழங்கிய 'ஃபெயார் அன்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்த 'ஃபெயார்' என்ற சொல்லைக் கைவிட்டது. பெயர் மாறிவிட்டது. நமது விளம்பரப் பலகைகளில் உள்ள முகங்களின் நிறம் மாறிவிட்டதா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து நமது நாட்டுப் பெண்கள் உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிறார்கள். உலகச் சந்தையில் தொங்கும் எத்தனையோ உடுப்புகளில் அவர்களுடைய கை பட்டிருக்கிறது. அந்த உடுப்புகளின் விளம்பரத்தில் அவர்களைப் போன்ற ஒருத்தியைக் காண்பது அரிது. தைக்கத் தகுதியான கைகள், உடுத்திக் காட்டத் தகுதியற்றவையா?

ஆனால் நம்மைப் போன்ற ஒருவரை மேடையேற்றிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஹலீமா ஏடனை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்த சோமாலியப் பெண். 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில அழகிப் போட்டியில் ஹிஜாபுடன் கலந்துகொண்டு, பின்னர் உலகப் புகழ்பெற்ற மொடலானார். முஸ்லிம் பெண்பிள்ளைகள் பலர் தம்மைப் போன்ற ஒருத்தியைக் கண்டதாக மகிழ்ந்தார்கள். ஆனால் 2020இல் அவரே அந்தத் துறையை விட்டு விலகினார். படப்பிடிப்புகளில் தன் ஹிஜாப் படிப்படியாக உருமாறிப் போனதை அவரே வருத்தத்தோடு சொன்னார். நம்மைப் போல ஒருத்தியை அழைத்துவந்து, அவளையும் தம் அச்சிலேயே வார்த்தெடுப்பார்களானால் அதில் நமக்கு என்ன பயன்?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சியை அல்ல. கடைக்காரர்களே, ஓர் உடுப்பை ஒரே உருவத்தில் மட்டும் காட்டாமல் இரண்டு மூன்று அளவுகளில் காட்டுங்கள். படத்தில் நிற்பவரின் உயரம் என்ன, உடுத்தியிருக்கும் அளவு என்ன என்று எழுதுங்கள். மார்பளவு, கைநீளம் எல்லாவற்றையும் அங்குலத்தில் போடுங்கள். மொடல் வேண்டாம் என்று நினைப்பவர்களும் இதைச் செய்யலாம். பொம்மைகளிலும் பல அளவு உண்டு.

சிலர், "பருமனைக் காட்டினால் பருமனை ஊக்குவிப்பதாகாதா?" என்று கேட்பார்கள். நீரிழிவு பெருகிவரும் நாட்டில் ஆரோக்கியம் முக்கியமே. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். உடுப்புக்கடைப் பொம்மை அல்ல.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெருநாளன்று வீட்டுக்கு வருபவர்கள் ஸலாம் சொன்ன கையோடு, "மகள் நல்லாக் குண்டாகிட்டாளே", "வெயில்ல கறுத்துப் போய்ட்டாளே" என்று சொல்லும்போது நீங்கள் சிரித்துவிட்டுப் போகிறீர்கள். பிள்ளை அதை ஆண்டு முழுவதும் சுமக்கிறாள். விளம்பரத்தை நிறுத்த நம்மால் முடியாது. அந்தப் பேச்சை நமது முன்அறையிலேயே நிறுத்த முடியும்.

இருபத்தேழாம் நோன்பன்று நான் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஒழுங்கையில் உள்ள தையல்கார மாமியிடம் போனார். மாமி அளவுநாடாவை எடுத்தார். தோள், மார்பு, கை, நீளம் என்று அளந்து கொப்பியில் எழுதினார். கூட என்றோ குறைய என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க மகள்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. இப்போதும் சில நாட்களில் அவள் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கிறாள். ஆனால் அன்று பின்னேரம் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். பெருநாள் தொழுகைக்கு அந்தக் கரும்பச்சை அபாயாவுடன் என் பக்கத்தில் நடந்து வந்தாள். அதில் ஒரு குண்டூசிகூட இருக்கவில்லை.