காளிக்குக் கும்பிடு போட்டால் போதுமா?



மும்பை ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘காளி-5000’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘ஒரே வீச்சில் எதிரி ஏவுகணை சாம்பல்!’ என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி பறக்கிறது. நாமும் பெருமையோடு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, பதில் சொல்ல நம்மில் எத்தனை பேர்?

முதலில், அது அம்மன் பெயரல்ல. ‘கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர்’ என்பதன் சுருக்கம். சுமார் 10 லட்சம் வோல்ட், 40 ஆயிரம் ஆம்பியர். பெருக்கினால் 40,000 மெகாவாட்! ஆனால் அது நீடிப்பது சுமார் 100 நானோ வினாடிதான். மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் 4,000 ஜூல். நம்ம வீட்டு 40 வாட் பல்பு 100 வினாடி எரிய ஆகும் கரண்டு, அவ்வளவேதான்!

ரகசியம் சேர்த்து வைப்பதில் இருக்கிறது. ஊற்று குறைந்த கிணற்றில் என்ன செய்கிறோம்? ராத்திரியெல்லாம் தொட்டியில் தண்ணீரைச் சேர்த்து, காலையில் மொத்தமாகத் திறந்துவிடுகிறோம். 1924-ல் ஜெர்மனியின் எர்வின் மார்க்ஸ் கண்ட வழியும் இதுவே. கெப்பாசிட்டர்களைப் பேரலலில் சார்ஜ் செய்து, சீரிஸில் கொட்டுவது. அந்தத் துடிப்பை மேலும் சுருக்கி வெற்றிட டயோடுக்குக் கொடுத்தால் எலெக்ட்ரான் கற்றை பாய்கிறது. கூட்டம் அளவுக்கு மீறியதும் முன்னே போன எலெக்ட்ரான்கள் பின்னால் வருபவற்றைத் திருப்பித் தள்ளுகின்றன. இந்த முன்னும் பின்னுமான ஆட்டத்தில்தான் மைக்ரோ அலை பிறக்கிறது. கற்றையின் சக்தியில் சிறு பங்கே அலையாக மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சீரிஸ், பேரலல், கெப்பாசிட்டர்! எல்லாம் நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தவைதானே? பொருள் புரியாததால்தான் வதந்தி நமக்கு இனிக்கிறது.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழா மேடைக்கும் மைக்செட்டுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடம் ஒன்றை எங்களுக்குக் காட்டுங்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத, கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் எங்களுக்கு அந்த ஒரு நாள் பத்துப் புத்தகத்துக்குச் சமம். பாபா மையம் டிப்ளமோ படித்தவர்களையும் பயிற்சியாளர்களாக எடுத்து வந்திருக்கிறது. அந்தத் தேர்வில் கேட்பது கணக்கை. வாட்ஸ்அப் பெருமையை அல்ல.

கும்பிட்டது போதும், கற்போம் வாரீர்!