ஒரு வீதியும் பல சபைகளும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியை வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் முழுமையாகக் கடந்து பார்த்தல் நன்று. செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன், மாந்தை ஆகிய இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்லும் இவ்வீதி, கண்ணுக்கு விருந்தாகும் காட்சி எதனையும் பெரிதாகக் காட்டிவிடாது. பற்றைக்காடு, குளக்கட்டு, பின்னர் கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயல்வெளி, அப்பால் உவர்நிலம், அவ்வளவே. எனினும் இலங்கையின் கிறிஸ்தவ சபைகள் தம்முள் பகைத்ததும், பின்னர்க் கூடியதும், கூடியும் குறையாய் நின்றதும் ஆகிய மூன்று செய்திகளையும் இவ்வீதியின் ஓரத்திலேயே படித்துவிடலாம். வன்னிப் பெருநிலத்திலே சமூக நீதிக்காகச் சபைகள் ஒன்றுகூடி உழைத்தலைப் பற்றி எழுதப் புகுந்த நான் வீதியொன்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுவே. மன்னாரின் பெருநிலப் பகுதியை வன்னியின் கூறாகக் கொள்வது பொருந்தாது என்பார் உளராயின், தேர்தல் மாவட்டம் வகுத்தோரே அதனை வன்னியோடு சேர்த்துள்ளனர் என்பதை அவர்க்கு நினைவூட்டுவேன்.

முதலிற் பகை. 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், பறங்கியர் பரப்பிய கத்தோலிக்க சமயத்தை வேரறுக்க முனைந்தனர். 1670இல் மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் ஓடி மருதமடுவில் ஒதுங்கின என்பது மடுத் திருப்பதியின் வரலாறு. அவர்களைத் துரத்தியோர் வேற்று மதத்தினர் அல்லர். அதே வேதாகமத்தை ஓதிய சீர்திருத்த சபையினர். அக்காலத்திலே ஒல்லாந்தரின் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறாதவனுக்கு உத்தியோகம் இல்லை. அவனுடைய விவாகத்துக்கும் சட்டத்தின் முன் மதிப்பில்லை. பதிவேட்டில் பெயரில்லாத மனிதன் என்னும் இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த புரொட்டஸ்தாந்து மிஷன்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டு உழைத்தன. ஒருவர் வயலில் மற்றவர் இறங்காதிருத்தல் என்னும் நாகரிகமே அன்று ஒற்றுமை எனப்பட்டது. உண்மையான ஐக்கியத்தைப் பற்றிய சிந்தனை பிற்பட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதன் ஓர் ஆதீனமாயிற்று. 1948இல் அம்ஸ்ரர்டாம் நகரில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கியபோது, தொடக்க ஆராதனையிலே பிரசங்கித்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகரான டி. ரி. நைல்ஸ். உலகச் சபைகளுக்கு ஐக்கியத்தைப் போதிக்கத்தக்க ஒருவரைத் தந்த நாட்டில் அவ்வைக்கியம் கைகூடியதா என்றால் இல்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளையும் யாழ்ப்பாண ஆதீனத்தையும் ஒன்றாக்கும் திட்டம் பல்லாண்டு உழைப்பின் பின் 1972இல் நிறைவேறும் தறுவாயிலே வழக்கு மன்றத்திற் சிக்குண்டு நின்றுபோயிற்று. குருப்பட்டம் எவ்வாறு அளிப்பது, ஆயர் பரம்பரை எத்தகையது என்ற வினாக்களிலே அறிஞர் பலரின் ஆயுள் கழிந்தது. அவற்றை அற்பமென்று சொல்ல மாட்டேன். ஆயினும் வன்னியில் சபைகளை நெருங்கவைத்தவை அவை அல்ல.

நெருங்கவைத்தது இரத்தம். 1984 டிசெம்பரில் முருங்கனில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் படையினராற் கொல்லப்பட்டார். ஒரு மாதங்கூடக் கழியுமுன், 1985 ஜனவரியில், அங்கிருந்து அதிக தூரமில்லாத வங்காலையில் கத்தோலிக்கக் குருவான மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டார். இருவரும் அப்பகுதியில் ஏழைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி வாய் திறந்தவர்கள். மக்கள் அவர்களை நினைவுகூரும்போது ஒருவரை விட்டு மற்றவரைச் சொல்வதில்லை. நற்கருணையை ஒரே பீடத்திற் பகிர்ந்துகொள்ள இயலாத இரு சபைகளின் ஊழியர்கள், ஒரே காரணத்துக்காக, ஒரே மாவட்டத்தில் மாண்டனர். ஐக்கியத் திட்டங்களை வரைந்தோர் எவரும் இத்தகைய ஐக்கியத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த கால் நூற்றாண்டின் துயரத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வன்னி மக்கள் அதனை ஏட்டிற் படித்தறிய வேண்டியவர்கள் அல்லர். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டபோது குருமாரும் கன்னியரும் பலர் மக்களோடு தங்கினர். கிளிநொச்சியிலிருந்து மக்களுடன் இடம்பெயர்ந்து சென்ற சரத்ஜீவன் அடிகளார் 2009 மே 18ஆம் நாள் களைப்பினால் உயிர் துறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் யோசப் அடிகளார், முல்லைத்தீவு வட்டுவாகலில் சரணடைந்தவர்களுடன் சென்றார். பின்னர் அவரைக் கண்டவர் இல்லை. எஞ்சியோர் செட்டிகுளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாம் மேலே கூறிய வீதியின் அயலிலே, மெனிக் பாம் முகாமிலே, கம்பிவேலிக்குள் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். அம்முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அப்பெயர்களைத் தேர்ந்தவரின் உள்ளத்தை நான் இன்றுவரை விளங்கிக்கொண்டதில்லை.

2011 ஜனவரியில், காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு யோசப் அவர்கள், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணைச் சமர்ப்பித்தார். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். அரசாங்கத்தின் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? வசைமொழி ஒன்றும் அவர் கூறவில்லை. அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் சபையும் வெளியிட்ட தொகைகளை வைத்துக் கழித்தற் கணக்கொன்றைச் செய்து விடை கேட்டார். ஆயர் கேட்டது தம் மந்தையின் கணக்கை அன்று என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பெரும்பான்மையோர் சைவர். அவ்வெண்ணிற் பெரும்பங்கும் அவர்களே. பதிவேட்டினின்றும் மறைந்துபோன மனிதருக்காக, அவர் எச்சபையார் எச்சமயத்தார் என்று கேளாமல், ஒரு சபையின் தலைவர் பேசினார். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன் பந்தலிட்டு அமர்ந்தபோது, பல சபைக் குருமாரும் அங்கு சென்று அவர்களோடு அமர்ந்தனர். கோவில் வாசலிலே அங்கி தரித்த குருவானவர் அமர்வதை எவரும் புதுமையாகக் கருதவில்லை. நாவலர் காலத்துக் கண்டனங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இவ்வளவும் உண்மையே. ஆனால் இத்துடன் நிறுத்தினால் முகமன் கூறியவனாவேன்.

1670இல் கத்தோலிக்கர் துரத்தப்பட்ட அதே மாந்தையில், 2019 மார்ச் 3ஆம் நாள், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வழியில் எழுப்பப்பட்ட அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். துரத்தப்பட்டவனின் பேரன் துரத்துகிறவனாவது வரலாற்றில் புதிதன்று. இதனை ஒரு வளைவைப் பற்றிய சச்சரவு என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. அங்கே வழக்கு நிலத்தைப் பற்றியது. யார் முன்னமே இருந்தவர், யாருடைய பெயர் அந்நிலத்துக்கு உரியது என்பது பற்றியது. இறந்தவர்க்காக ஒன்றாய் நின்றவர்கள் நிலம் என்றதும் வெவ்வேறாய்ப் பிரிந்தனர். இறந்தோர் நம்மிடம் பங்கு கேட்பதில்லை. வாழும் ஏழை ஒரு துண்டு காணி கேட்கிறான். அதனால் அவன் பக்கம் நிற்றல் கடினமாகிறது.

வன்னியில் அவ்வாறு கேட்போருள் முதலிடம் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், பஞ்சத்தினாலும், சிறப்பாக 1977 ஓகஸ்ட் மாத இனக்கலவரத்தினாலும் விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினர். வவுனியாவில் காந்தியம் இயக்கத்தை நிறுவிய டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் அவர்களை அரவணைத்தனர். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அதன்பின் அம்மக்களுக்காக முழுநேரமும் உழைக்க ஓர் அமைப்பு நிலைத்து நிற்கவில்லை.

கிளிநொச்சியின் சாந்தபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய கிராமங்களில் அவர்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்கள் முன்னைய குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றோர்க்கு உரியன. இவர்களுக்குக் கிடைத்தது மேட்டுநிலம். மத்தியதர வகுப்பாருக்கு அரசாங்கம் குத்தகைக்கு அளித்த காணிகளில் கூலிகளாக வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளை பெற்று, இரண்டு தலைமுறை வாழ்ந்தோரும் உளர். காணிக்குரியவர் யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருக்கிறார். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. போர் முடிந்தபின் வீடமைப்பு உதவி வந்தபோது காணிக்கான அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். அத்தாட்சி இல்லாதவனுக்கு வீடில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுக்குக் குடியுரிமையை அளித்தது. ஆனால் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் அவர்களிற் பலருக்கு இன்னும் பெயரில்லை. ஒல்லாந்தரின் பதிவேட்டை நினைவில் வைக்கும்படி முன்னே கேட்டுக்கொண்டது இதற்காகவே. இவர்களைச் சுட்டி நம்மவர் தனியே பேசும்போது வழங்கும் இழிசொற்களை இங்கே எழுத நாணுகிறேன். கோவில் வீதியில் மட்டுமன்றி, ஞாயிறு ஆராதனை முடிந்து கலையும் கூட்டத்திலும் அச்சொற்கள் காதில் விழாமலில்லை.

இந்நிலையிலே 2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. மலையக மக்களின் முன்னோர் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் வேறு அமைப்புகளையும் மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய பவனி அது. வாந்திபேதியாலும் பசியாலும் வழியோரத்தில் மாண்ட எண்ணிறந்த கூலிகளின் பாதையிலே நடந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். காணி, வீடு, சமமான குடியுரிமை என்பவை அவர்களின் கோரிக்கைகளுள் முதன்மையானவை. அம்மன்றத்தில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பிறரும் அங்கம் வகிக்கின்றனர்; ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையின் வழிவந்தோரும் உளர். 1670இல் துரத்தியோரின் சபை, துரத்தப்பட்டோர் ஒதுங்கிய மடுவுக்குச் செல்லும் சந்தியைக் கடந்து, இன்னொரு துரத்தப்பட்ட கூட்டத்துக்காக நடந்த பவனியிலே பங்காளியாயிற்று. கத்தோலிக்க சபை மன்றத்தின் உறுப்பினர் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அப்பவனியை நான் மதிக்கிறேன். இறந்தோரின் நினைவையும் வாழ்வோரின் காணியையும் ஒரே பதாகையில் எழுதிய முயற்சி அது. ஆயினும் ஒரு குறை என் மனத்தை விட்டு அகலவில்லை. பவனியின் முகம் தெற்கே, மாத்தளையை நோக்கியிருந்தது. வன்னி அதற்கு வழியாயிற்று, இலக்காகவில்லை. செட்டிகுளத்தைக் கடந்து நடந்தவர்களுக்கு வடக்கே, வவுனியாவின் எல்லைக் கிராமங்களிலும் கிளிநொச்சியின் மேட்டுநிலங்களிலும், அதே மக்களின் பேரர்கள் அதே காணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்பவர் தோட்டத் துரை அல்லர், தமிழராகிய நாமே. தூரத்திலுள்ள கம்பனியிடம் நீதி கேட்பது எளிது. நம் முதற் பீடத்துக்கருகில் அமர்ந்து பாடும் காணிச் சொந்தக்காரரிடம் கேட்பது எளிதன்று.

சபைகளால் இயலாது என்று கைவிரிப்பார்க்கு இரணைதீவை எடுத்துக்காட்டுவேன். கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அத்தீவின் கத்தோலிக்க மீனவர் 1992இல் இடம்பெயர்ந்தனர். தீவு கடற்படையின் வசமாயிற்று. 2017 மே மாதம் கரையிலே போராட்டம் தொடங்கி, ஓராண்டு காத்திருந்து, 2018 ஏப்ரல் 23ஆம் நாள் தம் படகுகளில் வெள்ளைக் கொடி பறக்கத் தீவிற்குச் சென்று இறங்கிவிட்டனர். அவர்களுக்குப் பின்னே சபை நின்றது. முன்னே, தீவின் நடுவில், பாழடைந்த தேவாலயமே அவர்களுடைய உரிமைக்குச் சாட்சியாய் நின்றது. சாந்தபுரத்தானுக்கு அத்தகைய தேவாலயம் இல்லை. அவன் பெரும்பாலும் சைவன். அல்லது அண்மையில் எழுந்த ஓலைக்கொட்டில் சபையொன்றில் சேர்ந்தவன். பழைய சபைகள் அவனைத் தம்முடையவன் என்று எண்ணிக்கொள்வதற்குரிய காரணம் எதுவுமில்லை. ஆயர் இராயப்பு யோசப் கணக்குக் கேட்ட 146,679 பேரிற் பெரும்பாலோரும் அவருடையவர்கள் அல்லர் என்பதை முன்னரே கண்டோம்.

செய்யத்தக்கது பெரிய காரியமன்று. கிளிநொச்சிப் பட்டணத்திலே கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார் எல்லோருக்கும் ஊழியம் உண்டு. காணிச் சட்டம் தெரிந்த ஓர் எழுதுவினைஞரை அமர்த்தி, வாரத்தில் இரண்டு நாள், நால்வரும் சேர்ந்து ஒரு மேசையை இடலாம். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுதுதல், முப்பதாண்டு வாசத்துக்குக் கிராம அலுவலரின் அத்தாட்சி பெறுதல், வெளிநாட்டிலுள்ள குத்தகைக்காரருக்குக் கடிதம் வரைதல், நடமாடும் சேவை நடக்கும் நாளில் விதவையோடு வரிசையில் நிற்றல் ஆகிய வேலைகள் அங்கே நடக்கும். சபைகளுக்குச் சொந்தமாகத் தரிசாய்க் கிடக்கும் காணி உண்டாயின் அதன் பட்டியலும் அதே மேசையில் இருக்கட்டும். ஓராண்டுக்கு அம்மேசைக்கு ஆகும் செலவு, ஒரு திருநாளுக்கு நாம் எழுப்பும் பந்தலின் செலவை விஞ்சாது.